முழங்கால் மூட்டும் ஊட்டக் குளிசைகளும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாக நெருங்கி அமைந்துள்ள முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல்கள் பலவற்றில் இன்று ஒரு காட்சியைக் காணலாம். தொழுகை வரிசைகளின் ஓரத்திலே சில கதிரைகள் போடப்பட்டிருக்கும். நின்று, குனிந்து, நெற்றி நிலம்படச் சுஜூது செய்து, மடித்த கால்மீது அமர்ந்து தொழ இயலாத முதியோர் அக்கதிரைகளில் இருந்தவாறே தொழுவர். இயலாதோர் இருந்து தொழலாம் என்பது மார்க்கம் வழங்கிய சலுகை. அதிலே குறை காண்பதற்கு எதுவுமில்லை. ஆயினும் கதிரையில் அமரும் பெரியவரிடம் காரணத்தை வினவின், ‘முழங்கால மடக்க ஏலாது’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். வீடுகளிலே பெண்களின் நிலையும் இதுவே. குந்தியிருந்து மீன் ஆய்வதும், தாழ்வான அடுப்படியிலிருந்து எழுவதும், குளியலறையில் அமர்ந்தெழுவதும் நாளாந்தம் நோவு தரும் செயல்களாகிவிட்ட தாய்மார் எத்தனையோ பேர்.

இந்நோவுக்கு மருந்தாகவும் உணவாகவும் ஒருங்கே தோற்றமளிக்கும் ஒரு பண்டம் கடந்த சில பத்தாண்டுகளிலே எமது ஊர்களுக்கு வந்து சேர்ந்துள்ளது. குளுக்கோசமைன், கொன்றோயிற்றின், கொலாஜன் முதலிய பெயர்களைத் தாங்கிய போத்தல்கள் மருந்துக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் அடுக்கப்பட்டுள்ளன. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் விடுமுறையில் வரும் பிள்ளைகள் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அன்போடு கொண்டுவரும் பொதிகளிலும் இவை இடம்பெறுகின்றன. ‘தேய்ந்த மூட்டை வளர்க்கும்’ என்பது இவை பற்றிய பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை எத்துணை தூரம் அறிவியலின் சோதனைக்கு நின்றுபிடிக்கிறது என்பதையும், மூட்டுக்கு உண்மையில் உதவக்கூடிய ஊட்டம் யாது என்பதையும் இக்கட்டுரையில் நோக்க முனைகின்றோம். வருமானம் குறைந்த ஒரு குடும்பம் மாதாமாதம் செலவிடும் பணம் இதிலே சம்பந்தப்பட்டுள்ளமையால் இது வெறும் மருத்துவ வினா மட்டுமன்று.

முதற்கண் ஒரு தெளிவு அவசியமாகின்றது. மூட்டில் ஏற்படும் நோவு யாவும் ஒரே நோயன்று. மருத்துவர் ‘ஒஸ்ரியோ ஆத்திரைற்றிஸ்’ என வழங்கும் மூட்டுத் தேய்வே இங்கு எமது பொருள். கைவிரல் மூட்டுகள் இருபுறமும் ஒருமிக்க வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்திருக்கும் முடக்குவாதம் வேறு. அதற்கு வேறு மருந்துகள் உள்ளன, தாமதம் செய்தால் மூட்டு சிதையும். 2006ஆம் ஆண்டின் இறுதியிலே கல்முனையையும் மட்டக்களப்பையும் உள்ளிட்ட பகுதிகளில் பரவிய சிக்குன்குன்யாக் காய்ச்சலை எமது மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். காய்ச்சல் தணிந்து மாதங்கள் பல சென்ற பின்பும் கைகால் மூட்டுகளில் நோவு நின்ற அந்நாட்களிலே, அதனையும் ‘தேய்மானம்’ என்றே கருதியோர் உளர். எனவே போத்தலை வாங்குமுன் நோய் எது என்பதை வைத்தியரிடம் அறிதல் முதற்கடனாகும்.

மூட்டுத் தேய்வை விளங்கிக்கொள்ளக் கசியிழையத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். தொடை என்பும் கீழ்க்கால் என்பும் சந்திக்கும் இடத்தில் இரு என்புகளின் முனைகளையும் சில மில்லிமீற்றர் தடிப்பான, வழுவழுப்பான ஒரு படை மூடியிருக்கின்றது. அதுவே கசியிழையம். அதன் நிறையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டது நீர். எஞ்சிய பாகத்தில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் புரதத்தின் நார்கள். அந்நார்வலையின் இடைவெளிகளிலே அகிரிக்கன் என்னும் பெரும் மூலக்கூறுகள் சிறைப்பட்டுள்ளன. மின்னேற்றம் பெற்ற இம்மூலக்கூறுகள் நீரைத் தம்பால் ஈர்த்து வீங்க முனைகின்றன. கொலாஜன் வலை அவற்றை வீங்கவிடாது கட்டுகின்றது. இவ்விரு விசைகளுக்கிடையிலான சமநிலையே நாம் நடக்கும்போதும் குதிக்கும்போதும் பாரத்தைத் தாங்குகின்றது. மெத்தைக்குள் பஞ்சை அடைத்து இறுகத் தைப்பதுபோன்றது இது என்று கூறலாம். தையல் அவிழ்ந்தால் பஞ்சு சிதறும்.

கசியிழையத்தின் தனித்தன்மை யாதெனில், அதற்குக் குருதிக் கலன்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. கலங்களோ அதன் கனவளவில் நூற்றுக்கு ஓரிரு பங்கே. அக்கலங்களுக்கு வேண்டிய உணவு மூட்டு நீரிலிருந்து ஊறி வந்தே சேரவேண்டும். காலை ஊன்றும்போது கசியிழையம் அமுங்கி நீர் வெளியேறுகின்றது. காலைத் தூக்கும்போது நீர் மீண்டும் உட்புகுகின்றது. எனவே அசைவே இவ்விழையத்துக்கு உணவூட்டும் முறை. ‘தேய்ந்த காலுக்கு ஓய்வு கொடு’ என்று எமது வீடுகளில் வழங்கும் அறிவுரை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இவ்விடத்திலேயே வாசகர் ஐயுறத் தொடங்கலாம்.

சேதமுற்ற கசியிழையம் மீள வளருமா? 1743ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹன்ரர் என்னும் உடற்கூற்று அறிஞர் இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு அளித்த கட்டுரையில், அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்ற கருத்தை வெளியிட்டிருந்தார். அண்மைக் காலத்தில் இக்கருத்துக்கு ஒரு விந்தையான சான்று கிடைத்தது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலே கதிர்ப்புக் காபனின் அளவு திடீரென உயர்ந்து, பின்னர் படிப்படியாகக் குறைந்தது. அக்காபன் உணவின் வழியே மனித உடலிலும் புகுந்தது. வெவ்வேறு ஆண்டுகளிற் பிறந்தோரின் முழங்காற் கசியிழையத்தில் உள்ள காபனை டென்மார்க்கு ஆய்வாளர் அளந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். வளர்பருவத்தில் உருவான கொலாஜன் நார்கள் முதிர்ந்த வயதிலே ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை என்பதும், நோயுற்ற மூட்டிலும் நிலைமை இதுவே என்பதும் அதனால் வெளிப்பட்டன. பதினெட்டு, இருபது வயதுவரை உடல் நெய்து தந்த வலையைத்தான் அறுபது வயதிலும் நாம் அணிந்திருக்கின்றோம். மறுபுறம் தசையை நோக்குக. தசைப் புரதத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சிதைந்து புதிதாக ஆக்கப்படுகின்றது. ஊட்டத்துக்கும் பயிற்சிக்கும் செவிசாய்க்கும் இழையம் எது, சாய்க்காதது எது என்பது இவ்விரு உண்மைகளையும் அருகருகே வைத்தால் துலங்கும்.

ஆனால் மக்கள் மனத்திலே பதிந்திருப்பது வேறொரு நியாயம். காலுக்குக் கால், ஈரலுக்கு ஈரல் என்பது அது. ஆட்டுக்காலை நெடுநேரம் அவித்து, மிளகும் இஞ்சியும் சேர்த்து ஆணமாக்கிக் கால் நோவுள்ளவருக்குக் கொடுப்பது எமது ஊர்களின் பழைய வழக்கம். சுவையான உணவு அது. அதனை நாம் குறைகூறவில்லை. எனினும் அதிலுள்ள கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டங்களாகவும் பிரிந்த பின்னரே குருதியிற் சேர்கின்றது. வீட்டை இடித்துக் கல்லாக்கிய பின் அக்கல்லுக்குத் தான் முன்பு சுவராக இருந்தது நினைவிராது. உடல் அதனைத் தனக்கு வேண்டிய இடத்தில் வேண்டியவாறு பயன்படுத்தும். பல்தேசியக் கம்பனிகள் விற்கும் கொலாஜன் பொடியின் பின்னாலுள்ள நியாயமும் ஆட்டுக்கால் ஆணத்தின் நியாயமே. பழையது அடுப்படியில் வேகின்றது, புதியது போத்தலில் வருகின்றது. வேறுபாடு விலையிலே உள்ளது.

குளுக்கோசமைனின் வரலாறும் இத்தகையதே. 1876இல் ஜேர்மனியரான லெடர்ஹோஸ் நண்டு, சிங்கிறால் போன்றவற்றின் ஓட்டிலுள்ள கைற்றினை அமிலத்தில் இட்டுப் பகுத்து இப்பொருளை முதன்முதலிற் பிரித்தெடுத்தார். இன்றும் வணிகக் குளுக்கோசமைனின் பெரும்பகுதி இறாலினதும் நண்டினதும் ஓட்டிலிருந்தே கிடைக்கின்றது. எமது கடற்கரைகளில் கழிவாக எறியப்படும் ஓடு, பிறநாட்டுத் தொழிற்சாலையிலே குளிசையாகி எமது அலுமாரிக்குத் திரும்புகின்ற விந்தையை என்னென்பது! கொன்றோயிற்றின் சல்பேற்று மாட்டின் மூச்சுக்குழல், பன்றி, சுறா முதலியவற்றின் கசியிழையத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. இவ்விரண்டும் அகிரிக்கன் மூலக்கூறோடு தொடர்புடையவை. ஆதலால் இவற்றை உட்கொண்டால் கசியிழையம் தன்னை நிரப்பிக்கொள்ளும் என்பது கருதுகோள். கருதுகோள் தவறென்று முன்கூட்டியே கூறுவதற்கில்லை. சோதித்துப் பார்ப்பதே வழி.

சோதனைகளும் நடந்தன. தொடக்கத்தில் வெளிவந்தவை நம்பிக்கை ஊட்டின. 2001இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றிலே, 212 நோயாளரை எழுமாறாக இரு பிரிவாக்கி மூன்றாண்டுகள் அவதானித்தபோது, குளுக்கோசமைன் சல்பேற்று உண்டோரின் முழங்கால் மூட்டு இடைவெளி குறுகவில்லை என்றும், வெற்றுக் குளிசை உண்டோரிலே குறுகியது என்றும் கூறப்பட்டது. அவ்வாய்வு உற்பத்தி நிறுவனத்தின் ஆதரவோடு நடந்தது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பொதுப்பணத்தைச் செலவிட்டு 1583 நோயாளரைக் கொண்டு நடத்திய பேராய்வு 2006இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் குளுக்கோசமைன், 1200 மில்லிகிராம் கொன்றோயிற்றின், இரண்டும் சேர்ந்தது, செலிகொக்சிப் என்னும் நோவுமருந்து, வெற்றுக் குளிசை என ஐந்து பிரிவுகள். காலம் 24 வாரம். நோவு ஐந்திலொரு பங்கேனும் குறைந்தோரை எண்ணினர். வெற்றுக் குளிசை உண்டோரில் நூற்றுக்கு 60.1 பேர்; குளுக்கோசமைன் உண்டோரில் 64.0 பேர், கொன்றோயிற்றின் உண்டோரில் 65.4 பேர், இரண்டையும் உண்டோரில் 66.6 பேர், செலிகொக்சிப் உண்டோரில் 70.1 பேர்.

இவ்வெண்களைச் சற்று நிதானமாக நோக்குதல் வேண்டும். மருந்தே இல்லாத குளிசையை உண்டவர்களிற் பத்துக்கு ஆறு பேர் நலமடைந்ததாகக் கூறியிருக்கின்றனர். அவர்கள் பொய்யுரைத்தாரல்லர். மூட்டுத் தேய்வின் நோவு ஏறியும் இறங்கியும் வருவது; நோவு உச்சத்தில் உள்ளபோதே மனிதர் மருந்தை நாடுகின்றனர்; கவனிப்பாரின் அக்கறையும் நம்பிக்கையும் நோவை ஓரளவு தணிக்கின்றன. ‘அந்தக் குளிசை குடிச்ச பிறகு எனக்குச் சுகம்’ என்று அயல்வீட்டார் கூறும்போது அது உண்மையே; ஆனால் சுகம் தந்தது குளிசைதான் என்பதற்கு அது சான்றாகாது. குளுக்கோசமைனுக்கும் வெற்றுக் குளிசைக்கும் இடையே காணப்பட்ட சிறு வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய எல்லைக்குள்ளேயே அமைந்தது. மிதமானதும் கடுமையானதுமான நோவுள்ள ஒரு சிறு உபபிரிவில் இரண்டையும் சேர்த்து உண்டோர் 79.2 பேரும் வெற்றுக் குளிசை உண்டோர் 54.3 பேரும் பயன் கண்டனர் என்பதையும் மறைக்கலாகாது. விற்பனையாளர் பெரிதும் எடுத்துக்காட்டுவது இதனையே. ஆயின் அதனை மீளச் சோதித்தபோது ஒருமித்த விடை கிடைக்கவில்லை. பின்னர் வெளியான ஓர் ஆய்வு இக்கலவை செலிகொக்சிப்புக்கு இணையெனக் கூறிற்று. அதில் வெற்றுக் குளிசைப் பிரிவே இருக்கவில்லை. ஸ்பெயினில் 164 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கலவை வெற்றுக் குளிசையிலும் பின்தங்கியது. பத்து ஆய்வுகளையும் 3803 நோயாளரையும் ஒருங்கு திரட்டி 2010இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான பகுப்பாய்வு, பயன் கருதத்தக்கதன்று என்ற முடிவுக்கே வந்தது.

இவற்றின் அடிப்படையிலே அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்காலுக்குக் குளுக்கோசமைனும் கொன்றோயிற்றினும் வேண்டாம் என வன்மையாக எடுத்துரைக்கின்றது. ஐரோப்பியச் சங்கமொன்று மருந்துத் தரத்திலான குளுக்கோசமைன் சல்பேற்றை இன்னும் பரிந்துரைப்பதால் கருத்து வேறுபாடு முற்றாக நீங்கிவிடவில்லை. எமது நோக்கில் சான்றின் பாரம் எப்பக்கம் சாய்கின்றது என்பதில் அதிக ஐயத்துக்கு இடமில்லை.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறலாம். கொலாஜன் துண்டங்கள் நோவைச் சிறிதளவு குறைப்பதாகக் காட்டிய ஆய்வுகள் உள. அவற்றுட் பெரும்பாலானவை சிறியவை, உற்பத்தியாளரைச் சார்ந்தவை. மஞ்சளின் செறிசாறு நோவைத் தணித்ததாக 70 பேரைக் கொண்டு தஸ்மேனியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. ஆனால் மூட்டின் வீக்கத்திலோ கசியிழையத்திலோ மாற்றம் காணப்படவில்லை. அச்செறிசாறு வேறு, கறிக்கு இடும் மஞ்சள் வேறு. கிறில் எண்ணெயை 262 பேருக்குக் கொடுத்துச் சோதித்த அவுஸ்திரேலிய ஆய்வு 2024இல் பயனில்லை என்று முடிந்தது. விற்றமின் டி பற்றிய 2013, 2016ஆம் ஆண்டு ஆய்வுகளும் மூட்டுத் தேய்வைத் தடுக்குமென்ற எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. எனினும் வெயில் படாது வீட்டினுள்ளேயே காலம் கழிக்கும் முதிய பெண்களில் அவ்விற்றமின் குறைந்திருந்தால், என்பினதும் தசையினதும் நலனுக்காக அதனை வைத்திய ஆலோசனைப்படி ஈடுசெய்வது தக்கதே.

எமது ஊர்களுக்கே உரிய ஒரு வினாவும் உண்டு. குளிசைகள் பலவற்றின் உறை ஜெலற்றினால் ஆனது. ஜெலற்றின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்தும் மாட்டுத் தோல், என்பு ஆகியவற்றிலிருந்தும் பெறப்படுகின்றது. கொலாஜன் பொடிக்கும் மூலம் இவையே. மீன் தோலிலிருந்து எடுப்பதும் உண்டு. தொழுகைக்கு முழங்கால் மடங்கவேண்டுமென்று குளிசையை நாடும் ஒருவர், அக்குளிசையின் உறை எதனால் ஆனது என்பதை அறியாதிருப்பது எத்தகைய முரண்! போத்தலின் மேலே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்ட விபரத்தை வாசிக்க எத்தனை முதியோரால் இயலும்? மருந்தின்றி ஆகாது என்ற நிலையிலே மார்க்க அறிஞர் காட்டும் விலக்கு வேறு. பயனே நிறுவப்படாத ஒன்றை உண்பதற்கு அத்தகைய இன்றியமையாமை எங்குள்ளது என்பதை உலமாக்கள் ஆராயலாம். உடல்நலம் சார்ந்து வேறொன்றும் கூறவேண்டும்: இறாலும் நண்டும் ஒவ்வாதோர் குளுக்கோசமைன் குறித்து எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும், குருதி உறையாதிருக்க வார்பரின் உட்கொள்வோர் வைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடலாகாது.

இனித் தசைக்கு வருவோம். கட்டுரையின் முக்கிய பகுதி இதுவென்றே கருதுகின்றோம். முழங்காலைத் தாங்குவது என்பும் கசியிழையமும் மட்டுமல்ல. தொடையின் முற்புறத்தே அமைந்த நாற்றலைத் தசை ஒவ்வோர் அடியிலும் அதிர்ச்சியை ஏற்று மூட்டைக் காக்கின்றது. அத்தசை மெலிந்திருப்பது மூட்டுத் தேய்வின் விளைவு மட்டுமன்று, பெண்களில் அதற்கு முன்னோடியாகவும் அமையலாம் என்பதை இந்தியானா மாநில ஆய்வுகள் 1990களின் பிற்பகுதியிற் காட்டின. நோவு வந்ததும் நடப்பதைக் குறைக்கின்றோம். நடை குறைய, தசை மெலிகின்றது. தசை மெலிய, மூட்டின் மீது பாரம் கூடுகின்றது. நோவு மேலும் வளர்கின்றது. முதுமையிலே தசை இயல்பாகவும் குறைகின்றது. இந்நிலைக்கு 1980களின் இறுதியில் அமெரிக்க ஊட்டவியலாளர் ரோசன்பேர்க் ‘சார்க்கோபீனியா’ எனக் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். தசைக்குறைவு என்பது பொருள்.

இக்குறைவை ஊட்டத்தால் மட்டும் ஈடுசெய்ய இயலுமா? 1994இல் வெளியான பொஸ்ரன் நகர ஆய்வொன்று இவ்வினாவுக்கு நேரான விடையைத் தருகின்றது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி 87 வயதுடைய 100 பேரைப் பிரித்து, சிலருக்குக் கால்தசைப் பயிற்சியும், சிலருக்கு ஊட்டப் பானமும், சிலருக்கு இரண்டும் பத்து வாரங்கள் அளித்தனர். பயிற்சி பெற்றோரின் தசைவலு இருமடங்குக்கும் மேலாயிற்று. பயிற்சியின்றி ஊட்டப் பானம் மட்டும் பெற்றோரில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. எண்பத்தேழு வயதிலும் தசை செவிசாய்க்கின்றது. ஆனால் வேலை கொடுத்தால் மட்டுமே.

வேலை வாங்கப்படும் தசைக்குப் புரதம் தேவை. வளர்ந்தோருக்கு உடல்நிறையின் கிலோகிராமுக்கு 0.83 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முதியோருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டுமென 2013இல் நிபுணர் குழுவொன்று எடுத்துரைத்தது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மூதாட்டிக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் என்றாகின்றது. அவர் உண்பதைக் கணித்துப் பார்ப்போம். காலையில் பாணும் சீனிபோட்ட தேநீரும். பகலில் சோறும் ஒரு துண்டு மீனும். இரவில் இடியப்பமும் சொதியும். 300 கிராம் சோற்றிலே எட்டுக் கிராம் புரதந்தானும் இராது. குடும்பத் தலைவிக்கு மீனிலே கிடைப்பது பெரும்பாலும் தலையும் வாலும். நடுத்துண்டு பிள்ளைகளுக்கும் உழைப்பவருக்கும் போகின்றது. இத்தியாகத்தின் வரலாறு எழுதப்படாதது. ஆனால் மெலிந்த தொடையிலே அது பதிவாகியிருக்கின்றது.

கடலும் வயலும் சூழ்ந்த இப்பிரதேசத்தில் புரதத்துக்குப் பொடி வேண்டியதில்லை. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. விலையுயர்ந்த அறக்குளாவிலும் மலிவான சாளையிலும் சூடையிலும் இவ்வளவில் பெரிய வேறுபாடில்லை. கொழுப்பு மிகுந்த அச்சிறுமீன்களில் விற்றமின் டியும் உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராம். 100 கிராம் காய்ந்த பயற்றில் 24 கிராமளவு. கௌபியும் பருப்பும் இதனை ஒத்தவை. சம்மாந்துறைப் பக்கத்து எருமைத் தயிரும் உதவும். கருவாட்டிலும் நெத்தலியிலும் புரதம் செறிவாக இருப்பினும் உப்பும் அவ்வாறே; குருதியமுக்கம் உள்ளோர் அளவறிந்து உண்பது நல்லது. இரவிலும் காலையிலும் ஒரு முட்டையோ அவித்த பயறோ சேர்த்துப் புரதத்தை மூன்று வேளைக்கும் பகிர்வது தசைக்கு உகந்தது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இவ்வளவுகள் பொருந்தா. அவர்கள் வைத்தியர் கூறும் அளவையே பின்பற்றல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே முட்டையும் பால்மாவும் சாதாரண வீடுகளின் கைக்கு எட்டாதன ஆகியபோது, எமது மக்களின் தட்டிலிருந்து முதலில் மறைந்தது புரதமே. அத்தகைய வீட்டில் ஊட்டக் குளிசைக்குச் செல்லும் பணம் உண்மையில் மீனிலிருந்தும் முட்டையிலிருந்தும் கழிக்கப்பட்ட பணமாகும்.

உடற்பருமன் பற்றியும் ஒரு சொல். ஒரு கிலோகிராம் நிறை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நான்கு கிலோகிராமளவு குறைகின்றது என்று 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று அளந்து கூறிற்று. ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் குறைத்த பெண்களில் முழங்கால் தேய்வின் வாய்ப்பு பாதியாயிற்று என்பது 1992இல் வெளிவந்த பிரேமிங்ஹாம் ஆய்வின் முடிவு. நாளுக்கு ஐந்தாறு முறை சீனித் தேநீர் பருகும் வழக்கமும், மலைபோற் சோறு குவிக்கும் விருந்தோம்பலும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. நிறையைக் குறைக்கும்போது சோற்றையும் சீனியையும் குறைக்கவேண்டுமேயன்றி மீனைக் குறைத்தல் ஆகாது. அவ்வாறு குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

பயிற்சி என்றதும் கருவிகள் நிறைந்த கூடம் நினைவுக்கு வரவேண்டியதில்லை. உறுதியான கதிரையொன்றில் அமர்ந்து, கைகளை ஊன்றாது எழுந்து மெல்ல அமர்தல். படுத்தவாறு ஒரு காலை மடித்து மறுகாலை நேராக ஒரு சாண் உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தல். கதிரையில் இருந்தவாறு முழங்காலை நீட்டி இறுக்குதல். இவற்றை ஒவ்வொன்றும் பத்து முறை, கிழமையில் மூன்று நாளேனும், வீட்டு அறைக்குள்ளேயே பெண்களும் செய்யலாம். தொடக்கத்திலே சிறிது நோகும். மறுநாளுக்குள் அது தணியுமாயின் அஞ்சவேண்டியதில்லை. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த கொக்கிரேன் மதிப்பீடு, பயிற்சி நோவைக் குறைத்து இயக்கத்தைக் கூட்டுகின்றது எனக் கண்டது. 2024இல் அது புதுப்பிக்கப்பட்டபோது நன்மை முன்பு எண்ணியதைவிடச் சிறியதென்று தோன்றிற்று. ஆகவே பயிற்சியையும் சர்வரோக நிவாரணியாக நாம் விற்க முனையவில்லை. ஆயினும் குளிசை தராத ஒன்றை அது தருகின்றது: மாடிப்படி ஏறவும், தவறி விழாதிருக்கவும் வல்ல கால்.

மருதமுனையின் கைத்தறியில் நாள்முழுதும் மிதிபலகையை மிதிப்பவருக்கும், கரைவலையின் கயிற்றை மணலிற் கால் புதைய இழுப்பவருக்கும், நெல்மூடை சுமப்பவருக்கும் மேலதிகப் பயிற்சி கூறுவது நகைப்புக்குரியதாகலாம். அவர்களின் மூட்டைத் தேய்த்தது பயிற்சிக் குறைவன்று, பாரமும் ஓய்வின்மையுமே. குந்தியிருத்தலும் முழந்தாளிடலும் பாரம் தூக்கலும் முழங்கால் தேய்வை மிகுவிக்கின்றன என்பது பல நாடுகளிற் கண்ட உண்மை. இளமையில் நெடுநேரம் குந்தியிருந்த பீக்கிங் நகர முதியோரிடையே நோய் மிகுந்திருந்தமையை 2004ஆம் ஆண்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டிற்று. உயர்த்திக் கட்டிய அடுப்பு, இருக்கை வைத்த மலசலகூடம், மூடைக்கு நிறை வரையறை, இறக்கக் கைவண்டி ஆகிய இவையும் மூட்டு மருத்துவத்தின் பகுதிகளே. இவற்றை எந்தக் கம்பனியும் போத்தலில் அடைத்து விற்க இயலாமையால் இவை பற்றிய விளம்பரமும் இல்லை.

இவ்விடத்தில் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைவுகூர்தல் பொருத்தம். இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான அவர், எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை அரசுக்கு அளித்தார். அவ்வாண்டிலேயே நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவருமானார். ஒரு மருந்து பயன் தருமா, தீங்கற்றதா, தேவையானதா, அவ்விலைக்கு ஏற்றதா என்ற வினாக்களை வணிகரிடமன்றிப் பொதுநலத்தின் சார்பில் கேட்கவேண்டும் என்பது அவருடைய கொள்கையின் சாரம். ஏழை நாடொன்றின் செலாவணி பயனற்ற மருந்துகளிற் கரைவதை அவர் எதிர்த்தார். 1977இல் அவர் கயானாவில் காலமானார். அக்கொள்கை பின்னர் பல இடர்களுக்கு உள்ளாகி, 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை என்னும் வடிவத்தை எய்தியது.

அச்சட்டம் உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட ‘எல்லைநிலைப் பொருள்கள்’ என்ற வகையையும் அதிகாரசபையின் கண்காணிப்பில் வைத்துள்ளது. ஊட்டக் குளிசைகள் வந்து புகுவது இவ்வாயிலினூடாகவே. பயணப் பொதிகளில் வருவனவோ எவ்வாயிலையும் கடப்பதில்லை. மூட்டு நோவுக்கான இயற்கை ஊட்டம் என விற்கப்பட்ட சில பண்டங்களில் பெயர் குறிப்பிடாது ஸ்ரெரொயிட்டும் டைக்குளோபெனக்கும் கலந்திருந்தமையை ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2022இல் கண்டறிந்து எச்சரித்தது. ஒரு கிழமைக்குள் அதிசயமாக நோவைப் போக்கும் பொடியை ஐயுறுவதற்கு இது போதிய காரணமாகும். நீரிழிவுள்ளோரில் அக்கலப்பு சீனியின் அளவைக் கடுமையாக உயர்த்தும். பதிவு பெற்று விற்பனையாகும் போத்தல்களின்மீது ஜெலற்றினினதும் கொலாஜனினதும் மூலம் எந்த விலங்கு என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவான எழுத்தில் அச்சிடுமாறு கேட்பது நுகர்வோரின் உரிமை. இக்கோரிக்கையை ஊர்ச் சங்கங்களும், ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவரும், பள்ளிவாசல் நிருவாகங்களும் சேர்ந்து எழுத்துமூலம் அதிகாரசபைக்கு அனுப்பலாம். அதற்கிடையில் கல்முனையின் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு முழங்கால் நோவோடு செல்வோர், நோவுக் குளிசையைப் பெற்றுத் திரும்பாது, உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் அனுப்புமாறு வைத்தியரைக் கேட்கலாம். வீட்டிலிருக்கும் போத்தலையும் உடன் எடுத்துச் சென்று காட்டுதல் நன்று.